சகுந்தலை முதல் ஸ்தாவரகன் வரை: வடமொழி நாடகப் பாத்திரங்களின் பெயர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காளிதாசன், சூத்திரகன், விசாகதத்தன், பாசன் ஆகியோரின் நாடகங்களைத் தமிழில் படிப்பவர்கள் பெயர்களைப் பற்றித் தொடர்ந்து கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். காஞ்சியில் எழுதப்பட்ட ஒரு நாடகமும் இடையில் வரும். கதை தெரியாதவர்களும் படிக்கலாம். தேவையான கதையை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

பெயரின் பொருள் தெரியாவிட்டால் நாடகம் புரியாதா?

கதை புரியும். ஆனால் கவிஞன் மிகுந்த அக்கறையோடு வைத்த சில முடிச்சுகள் கண்ணில் படாமலே போய்விடும். அகராதியைத் திறந்து "இன்ன பெயருக்கு இன்ன பொருள்" என்று எழுதி வைத்துக்கொள்வதும் போதாது. அந்தப் பெயரை மேடையில் யார், எப்போது, எந்த வாயால் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த நாடகங்களில் பெயரே கதையை நகர்த்தும் இடங்கள் உண்டு. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பாத்திரம் மேடைக்கு வரக்கூடாது என்பது வடமொழி நாடக மரபு. ஆகவே பெரும்பாலும் முகத்துக்கு முன்னால் பெயர்தான் அவைக்கு வந்து சேர்கிறது. காளிதாசனின் சாகுந்தலத்தின் தொடக்கத்தில் நடியின் (நடிகையின்) பாட்டில் தன்னை மறந்த சூத்திரதாரன், அதாவது நாடகத்தை நடத்துபவன், "வேகமாக ஓடும் மானால் இழுக்கப்பட்டு வரும் இந்தத் துஷ்யந்த மன்னனைப்போல" என்கிறான். அடுத்த நொடி தேரில் மன்னன் வருகிறான்.

சகுந்தலை என்ற பெயருக்கு என்ன பொருள்?

'சகுந்தம்' என்றால் பறவை. விசுவாமித்திரருக்கும் மேனகைக்கும் பிறந்த குழந்தையைத் தாய் மாலினி ஆற்றங்கரையில் விட்டுச் சென்றாள். பறவைகள் சூழ்ந்து நின்று குழந்தையைக் காத்தன. அதைக் கண்டெடுத்த கண்வ முனிவர் பறவைகளால் காக்கப்பட்டவள் என்ற பொருளில் சகுந்தலை என்று பெயரிட்டார். இது மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் உள்ள விளக்கம். காளிதாசனின் முதல் அங்கத்தில் அனசூயை இவளுடைய பிறப்பைச் சொல்லும்போது பறவைகளைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பறவையைக் கவிஞன் ஏழாம் அங்கம் வரை கைக்குள் மூடி வைத்திருக்கிறான்.

ஏழாம் அங்கத்தில் அப்படி என்ன நடக்கிறது?

என் கணிப்பில், பெயர் ஒன்றை வைத்து உலக நாடக மேடையில் செய்யப்பட்ட மிக அழகான காரியங்களில் இது ஒன்று. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துருவாசரின் சாபத்தால் மனைவியை மறந்து, அவையில் அவளை மறுத்துவிட்ட துஷ்யந்தன், அவளுக்குத் தான் கொடுத்த மோதிரம் கிடைத்து நினைவு திரும்பியபின் துயரத்தில் உழல்கிறான். மாரீச முனிவரின் ஆசிரமத்தில் சிங்கக்குட்டியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ண முற்படும் சிறுவன் ஒருவனைப் பார்க்கிறான். மனம் அவன்பால் இழுக்கிறது. சிறுவன் தன் குலமான புருவின் வம்சம் என்று அறிகிறான். இவன் தந்தை யார் என்று கேட்கிறான். அங்கிருக்கும் தவப்பெண், "அறத்தோடு மணந்த மனைவியைக் கைவிட்டவனின் பெயரை யார் வாயால் சொல்ல நினைப்பார்கள்?" என்கிறாள். மன்னனின் பெயர் சொல்லத் தகாத பெயர் ஆகிவிட்டது. அதை அவன் நின்று கேட்கிறான்.

சரி, தாயின் பெயரைக் கேட்கலாமா என்று நினைக்கிறான். பிறன் மனைவியைப் பற்றி விசாரிப்பது பண்பல்ல என்று தன்னையே அடக்கிக்கொள்கிறான். ஆக, ஒரு பெயரைச் சொல்ல மறுக்கிறார்கள். இன்னொரு பெயரைக் கேட்க முடியவில்லை.

அப்போது இன்னொரு தவப்பெண் வண்ணம் பூசிய மண்மயில் பொம்மையைக் கொண்டுவந்து, "சர்வதமனா, இந்தப் பறவையின் அழகைப் பார்" என்கிறாள். பறவை என்பதற்கு 'சகுந்த', அழகு என்பதற்கு 'லாவண்யம்'. இரண்டும் சேர்ந்தால் 'சகுந்தலாவண்யம்'. சிறுவன் காதில் விழுவது தாயின் பெயர் மட்டும். சுற்றுமுற்றும் பார்த்து, "என் அம்மா எங்கே?" என்கிறான்.

அந்தப் பெண் பேசுவது பிராகிருதம், வடமொழி நாடகங்களில் பெண்கள் பலரும் பேசும் பேச்சுமொழி. அதில் இந்தச் சொல் 'சௌந்தலாவண்ணம்' என்று ஒலிக்கும். அதைச் 'சௌந்தலா வண்ணம்', அதாவது சகுந்தலையின் நிறம் என்றும் பிரிக்கலாம். தமிழ்க் காதுக்கு இந்தச் சிலேடை விளக்கமே இல்லாமல் புரிந்துவிடும்.

மன்னன் நடுங்குகிறான். இவன் தாயின் பெயர் சகுந்தலையா? ஒரே பெயர் பலருக்கு இருக்கலாமே. கானல்நீர் போல வெறும் பெயர் என்னைத் துயரத்தில் தள்ளிவிடுமோ என்கிறான். பிறந்தபோது குழந்தையைக் காத்த பறவை, இப்போது மண்பொம்மையாக வந்து அவளைக் கணவனிடம் சேர்க்கிறது.

சர்வதமனன் எப்படிப் பரதன் ஆனான்?

சர்வதமனன் என்றால் எல்லாவற்றையும் அடக்குபவன். ஆசிரமத்து விலங்குகளை அடக்கி ஆளும் பிள்ளைக்கு அங்கே வழங்கிய பெயர். இவன் பிற்காலத்தில் உலகைத் தாங்குவதால் பரதன் எனப்படுவான் என்று மாரீசர் இறுதியில் சொல்கிறார். 'பரணம்' என்றால் தாங்குதல், பேணுதல். அடக்குபவன் தாங்குபவனாக வளர வேண்டும் என்ற ஆசியே அந்தப் பெயர் மாற்றத்தில் இருக்கிறது. இராமனின் தம்பி பரதன் வேறு; நாட்டிய சாத்திரத்தின் பரதமுனிவரும் வேறு.

அனசூயை, பிரியம்வதை இருவரையும் எப்படி வேறுபடுத்துவது?

பெயரே சொல்லிவிடுகிறது. அனசூயை என்றால் பொறாமை இல்லாதவள். பிரியம்வதை என்றால் இனிமையாகப் பேசுபவள். அனசூயை நிதானமானவள், பின்னால் வரப்போவதை நினைத்துக் கவலைப்படுபவள். மன்னனுக்குப் பல மனைவியர் உண்டு, எங்கள் தோழி வருந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவளும் அவள்தான்.

பிரியம்வதையின் பெயரைக் கவிஞன் வெளிப்படையாகவே எடுத்து விளையாடுகிறான். மரத்தருகே சகுந்தலை நிற்பது கொடி படர்ந்ததுபோல இருக்கிறது என்று அவள் சொல்ல, "இதனால்தான் நீ பிரியம்வதை" என்கிறாள் சகுந்தலை. மறைந்து நின்று கேட்கும் மன்னன், இனிமையாகச் சொன்னாலும் உண்மையைத்தான் சொன்னாள் என்று சேர்த்துக்கொள்கிறான். நான்காம் அங்கத்தில் துருவாசர் சபித்துவிட்டு விரையும்போது, அவரைச் சமாதானப்படுத்தக் காலில் விழ ஓடுபவள் பிரியம்வதை. அடையாள அணியைக் கண்டால் சாபம் தீரும் என்ற ஒரே சலுகையை வாங்கி வருபவளும் அவள்தான். இனிய சொல்லுக்கு இதைவிடக் கடினமான வேலை கொடுக்க முடியாது.

துருவாசர் என்ற பெயருக்குக் கடுஞ்சொல் பேசுபவர் என்று பொருளா?

அல்ல. 'வாசஸ்' என்றால் ஆடை. துர்வாசஸ் என்றால் மோசமான ஆடை உடுத்தவர். கோபம் கதைகளால் வந்து ஒட்டிக்கொண்டது.

துஷ்யந்தன் என்பதன் பொருள்?

துஷ்யந்தன், துஷ்மந்தன், துஃஷந்தன் என்று ஏட்டுக்கு ஏடு பெயரின் வடிவமே மாறுகிறது. ஆகவே ஒரே பொருளை அடித்துச் சொல்வது சரியல்ல. நாடகத்திலும் இந்தப் பெயரின் பொருளுக்கு வேலை இல்லை. அதன் எழுத்துகளுக்குத்தான் வேலை.

முதல் அங்கத்தில் தோழியர் அவன் கொடுத்த மோதிரத்தில் பொறித்த பெயரைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆறாம் அங்கத்தில் துயரத்தோடு அவன் நினைவுகூர்கிறான்: பிரியும்போது அந்த மோதிரத்தை அவள் விரலில் போட்டு, "என் பெயரில் நாளுக்கு ஓர் எழுத்தாக எண்ணிக்கொண்டிரு, கடைசி எழுத்தை எட்டுவதற்குள் உன்னை அழைத்துச் செல்ல ஆள் வந்துவிடும்" என்று சொல்லியிருந்தான். வடமொழிக் கணக்கில் து, ஷ்ய, ந்த என மூன்றே எழுத்து, மூன்றே நாள். மெய்யைத் தனியாக எண்ணும் நம் வழக்கப்படி துஷ்யந்தன் என்பதில் ஆறு வரும். எப்படி எண்ணினாலும் யாரும் வரவில்லை. ஒரு பெண் ஆடவனின் பெயரை எழுத்தெழுத்தாக விரலில் எண்ணிக் காத்திருக்கிறாள். அவன் அவள் பெயரையே மறந்து போயிருக்கிறான். இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் படிக்காதீர்கள்.

ஆசிரமத்துக் கொடிக்கும் மானுக்கும்கூடப் பெயர் உண்டாமே?

உண்டு. மல்லிகைக் கொடி ஒன்றுக்குச் சகுந்தலை வைத்த பெயர் வனஜோத்ஸ்னா, காட்டின் நிலவொளி. கணவன் வீட்டுக்குப் புறப்படும்போது அதைத் தங்கையென்று தழுவி விடைபெறுகிறாள். அவள் வளர்த்த மான்குட்டி தீர்க்காபாங்கன், நீண்ட கடைக்கண் உடையவன். அவையில் மன்னனுக்கு நினைவூட்ட அவள் கடைசியாகச் சொல்லிப் பார்ப்பது இந்த மான்குட்டியின் கதையைத்தான்.

மிருச்சகடிகம் என்ற தலைப்பு பாத்திரத்தின் பெயரா?

இல்லை, ஒரு பொம்மையின் பெயர். 'ம்ருத்' என்றால் மண், 'சகடிகா' என்றால் சிறுவண்டி. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் தம் மொழிபெயர்ப்புக்கு 'மண்ணியற் சிறுதேர்' என்று பெயர் வைத்தார்.

வறுமைப்பட்ட சாருதத்தனின் மகன் ரோகசேனன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைப் பார்த்தபின் தன் மண்வண்டி வேண்டாமென்று அழுகிறான். கணிகை வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண்வண்டியில் இட்டு, பொன்வண்டி செய்துகொள் என்கிறாள். அந்த நகைகளே பிறகு சாருதத்தன்மேல் விழும் கொலைப் பழிக்குச் சான்றாகின்றன. 'பிரகரணம்' என்ற இந்த நாடக வகைக்குத் தலைவன், தலைவி பெயரைச் சேர்த்துத் தலைப்பிடுவது வழக்கம். பவபூதியின் மாலதீமாதவம் அப்படி வந்தது. சூத்திரகன் அந்த வழக்கத்தை விட்டு ஒரு குழந்தையின் விளையாட்டுச் சாமானைத் தலைப்பில் ஏற்றினான். (சாகுந்தலத்தில் மண்மயில், இதில் மண்வண்டி. வடமொழியின் இரண்டு பெரிய நாடகங்களிலும் குயவர் கைப்பொம்மை வந்து நிற்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும்.)

வசந்தசேனை என்ற பெயரிலேயே அவள் கணிகை என்று தெரியுமா?

அன்றைய அவைக்குத் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய சாகித்திய தர்ப்பணம் நாடகப் பெயர்களுக்கான மரபைத் தொகுத்துச் சொல்கிறது: கணிகையர் பெயர் தத்தை, சித்தை, சேனை என்று முடிய வேண்டும், வணிகர் பெயர் பெரும்பாலும் தத்தன் என்று முடிய வேண்டும். சாருதத்தன் பிறப்பால் பிராமணன். ஆனால் வணிகர் தெருவில் வாழும் வணிகத் தலைவன். 'தத்தன்' பொருந்துகிறது.

வசந்தம் என்பது இளவேனில், சேனை என்பது படை. எவ்வளவு பொலிவாக இருந்தாலும், அந்தச் 'சேனை' அவள்மேல் இடப்பட்ட முத்திரை. அவளை விலைக்கு வாங்கலாம் என்று ஊரில் பலர் நினைப்பதற்கு அந்த முத்திரையே போதுமானது. நாடகத்தின் முடிவில் புதிய அரசன் அவளுக்கு நாடோ பொன்னோ தருவதில்லை. 'வதூ' என்ற ஒரு சொல்லைத் தருகிறான். குலவதூ, மணமகள் என்ற சொல். அவள் காதலுக்காக உயிரையே இழக்கும் நிலைக்குப் போய்த் திரும்பியவள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு பெயரால் அழைக்கப்படும் உரிமை என்பதைச் சூத்திரகன் புரிந்திருந்தான்.

பெயருக்கு நேர்மாறாக நடப்பவர்கள் உண்டா?

அதே நாடகத்தின் அரசன் பாலகன். தமிழில் எழுதும்போது சிறுவன் என்று தோன்றும். வடமொழியில் முதல் எழுத்து வல்லொலி, பொருள் 'காப்பவன்'. இந்தக் காவலன் ஒரு முன்னறிவிப்புக்குப் பயந்து இடையர் குலத்து ஆரியகனைச் சிறையில் அடைக்கிறான். நாடுகடத்தலோடு விடலாம் என்று நீதிபதி எடுத்துச் சொல்லியும் சாருதத்தனைக் கழுவேற்ற ஆணையிடுகிறான். அவன் ஆட்சி கவிழும்போது யாரும் அழுவதில்லை.

பெயருக்கு உண்மையாக நின்றவன் ஓர் அடிமை. ஸ்தாவரகன்: அசையாதவன். வேலை வண்டி ஓட்டுவது! அவன் எசமான், அரசனின் மைத்துனன். தன்னை மறுத்த வசந்தசேனையைக் கொல்லும்படி பொன்வளையல் ஆசை காட்டுகிறான், பிறகு அடிக்கிறான். என் உடம்புக்குத்தான் நீங்கள் எசமான், என் ஒழுக்கத்துக்கு அல்ல என்று ஸ்தாவரகன் மறுத்துவிடுகிறான். பின்னர் விலங்கோடு மாடியில் அடைபட்டிருந்தவன், சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போவதைப் பார்த்து, உண்மையைச் சொல்லக் கீழே குதிக்கிறான். அப்போதும் யாரும் நம்பவில்லை. முடிவில் அவனுக்குக் கிடைக்கும் பரிசு அடிமைத்தளையிலிருந்து விடுதலை. இந்த நாடகத்தில் எனக்கு மிகப் பிடித்த மனிதன் இவன்தான். பெயர்ப் பட்டியலில் அவன் கடைசியில் இருப்பான், தேடிப் பிடியுங்கள்.

அந்த மைத்துனனைச் 'சகாரன்' என்கிறார்களே, அது பெயரா?

அவன் பெயர் சம்ஸ்தானகன். சகாரன் என்பது நாடக மரபில் ஒரு பாத்திர வகை. 'ஸ' வரவேண்டிய இடமெல்லாம் 'ஶ' போட்டுப் பேசுவதால் அந்தப் பெயர் என்பது மரபான விளக்கம். அவன் பேசும் மாகதி என்ற பிராகிருத வழக்கில் ரகரம் லகரம் ஆகும்; சாருதத்தன் அவன் வாயில் 'சாலுதத்தன்'. புராணப் பெயர்களையும் தாறுமாறாக்குவான்: "இராவணனிடம் குந்தி அகப்பட்டதுபோல நீ என்னிடம் அகப்பட்டாய்" என்பான். அவை சிரிக்கும். ஆனால் பெயர்களைச் சரியாகச் சொல்லத் தெரியாத அந்த வாய்தான் ஒரு குற்றமற்றவனின் பெயரை நீதிமன்றத்தில் சொல்லிக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறது.

முத்திராராட்சசத்தில் ராட்சசன் அரக்கனா?

இல்லை. விசாகதத்தனின் இந்த நாடகத்தில் அவன், சந்திரகுப்தனுக்கு முன் ஆண்ட நந்தர்களின் அமைச்சன். அரசர்கள் இறந்தபின்னும் அவர்கள்மேல் மாறாத பற்றுக் கொண்டவன். நாடகத்திலேயே மிக மென்மையான மனம் படைத்தவன். தன்னால் தண்டனைக்கு ஆளான நண்பன் சந்தனதாசனைக் காப்பாற்ற, கடைசியில் பகைவனான சந்திரகுப்தனுக்கே அமைச்சனாகச் சம்மதிக்கிறான். 'முத்திரை' என்பது அவன் பெயர் பொறித்த மோதிரம். அது சாணக்கியன் கையில் சிக்கியதும், ராட்சசனின் பெயரால் கடிதங்கள் பிறந்து ராட்சசனையே சுற்றி வளைக்கின்றன.

எதிரே நிற்கும் சாணக்கியனின் இன்னொரு பெயர் கௌடில்யன். அவனை முன்னுரையே 'குடிலமதி', வளைந்த அறிவினன் என்று பெயரோடு சேர்த்துப் பாடுகிறது. அதே முன்னுரையில், கேதுவோடு கூடிய கொடிய கிரகம் சந்திரனைப் பற்ற நினைக்கிறது என்று சூத்திரதாரன் கிரகணத்தைப் பற்றிச் சொல்ல, "நான் இருக்கும்போது சந்திரனைப் பற்ற நினைப்பவன் யார்?" என்று உள்ளிருந்து சாணக்கியன் குரல் கேட்கிறது. சந்திரன் என்பது சந்திரகுப்தன். கேது என்பது அவனை எதிர்த்துப் படை திரட்டும் மலயகேது. நாடகத்தின் அரசியல் முழுவதும் ஒரு சிலேடைக்குள் அடங்கிவிட்டது.

'குடில' என்ற அதே சொல் தமிழ் மேடைக்கும் வந்தது. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தில் (1891) சூழ்ச்சிக்கார அமைச்சனின் பெயர் குடிலன்.

விதூஷகர்களுக்கு, அதாவது தலைவனின் கோமாளித் தோழர்களுக்கு, ஏன் வசந்தகன் போன்ற பெயர்கள்?

பூ, இளவேனில் போன்றவற்றின் பெயரை விதூஷகனுக்கு வைக்க வேண்டும் என்று சாகித்திய தர்ப்பணம் சொல்கிறது. பாசனின் சொப்பனவாசவதத்தத்தில் வரும் வசந்தகனிடம் பெயர்களைக் கொடுத்தால் போச்சு. "பிரமதத்தம் என்று ஒரு நகரம், அங்கே காம்பில்யன் என்று ஓர் அரசன்" என்று கதை தொடங்குவான். அரசன் பிரமதத்தன், நகரம் காம்பில்யம் என்று நாடகத் தலைவனான உதயண மன்னன் திருத்துவான். வசந்தகன் அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போதே உதயணன் உறங்கிப்போவான். அந்த உறக்கத்தில்தான் இறந்துவிட்டதாக அவன் நம்பும் மனைவி வாசவதத்தை, ஆவந்திகை என்ற பெயரில் மறைந்து வாழ்பவள், அருகே வருகிறாள். உதயணன் கனவில் அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறான். கோமாளித்தனமும் கண்ணீரும் ஒரே காட்சியில், இரண்டுமே பெயரைப் பற்றிக்கொண்டு.

பெயரை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள்?

காளிதாசனின் விக்கிரமோர்வசீயத்தில் ஊர்வசி. தேவலோகத்து நாடகத்தில் இலக்குமியாக நடிக்கிறாள். உன் மனம் யாரிடம் என்ற கேள்விக்குப் 'புருஷோத்தமனிடம்' என்று சொல்ல வேண்டியவள், காதலன் நினைவில் 'புரூரவனிடம்' என்று சொல்லிவிடுகிறாள். நாடகத்தைக் கெடுத்ததற்காகப் பரதமுனிவர் சபிக்கிறார்.

காஞ்சியில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் அதே தவறு குடிபோதையில் நடக்கிறது. மண்டையோட்டை ஏந்தித் திரியும் சைவத் துறவியான கபாலிகன் சத்தியசோமன் தன் துணைவி தேவசோமையைச் 'சோமதேவை' என்று மாற்றி அழைக்கிறான். யார் அந்தச் சோமதேவை என்று அவள் ஊடுகிறாள். மது செய்த பிழை, இனி மதுவையே தொடமாட்டேன் என்கிறான். எனக்காக விரதத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவள் காலில் விழுகிறாள். 'மத்தவிலாசன்' என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. தன் பட்டத்தையே குடிகாரர்களைப் பற்றிய நாடகத்துக்குத் தலைப்பாக வைத்த அரசன் அவன்.

"சகுந்தலை என்று பெயர் வைத்தால் பெண்ணுக்குத் துன்பம் வரும்" என்கிறார்களே?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. துன்பத்தைக் கொண்டுவந்தது ஒரு முனிவரின் கோபமும் ஓர் அரசனின் மறதியும், பெயர் அல்ல. கைவிடப்பட்ட சிசுவைச் சிறகு விரித்துக் காத்தவற்றின் நினைவு அந்தப் பெயர். தயங்காமல் வையுங்கள்.

தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்?

மறைமலையடிகளின் சாகுந்தல நாடகம் (1907), பிறகு மண்ணியற் சிறுதேர். முதலில் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். நேராக ஏழாம் அங்கத்தைத் திறந்து, மண்மயில் வரும் இடத்தை யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். சிறுவன் எந்த இடத்தில் அம்மாவைத் தேடித் திரும்புகிறான் என்பது காதுக்குத்தான் முதலில் தெரியும்.